கதவுப் பட்டறைக் கார்

மகள் வருகிறாள் என்று தெரிந்தால் கதவுக்காரர் பட்டறை வாசலுக்கே போய் நின்றுவிடுவார். அன்று காலை அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. வந்தவள் மகளாக வரவில்லை. கடிகார வீட்டின் சாட்சியாக வந்திருந்தாள்.

"வாங்க, உட்காருங்க," என்றார்.

பிறந்தது முதல் 'வாடி, போடி' கேட்டுப் பழகிய மகள், தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த சின்னவர், அதாவது கதவுக்காரரின் தம்பி, சிரிப்பை அடக்க மாட்டாமல் தும்முவதுபோல் ஒரு சத்தம் போட்டார்.

"அண்ணே, பாப்பாவுக்குத் தண்ணி கிண்ணி..."

"பாப்பா இல்லை. சம்பந்தி வீட்டு ஆள். தட்டுல வெச்சுக் குடு."

ஊர்ப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறை நடத்தும் மரக்கார்ப் பந்தயம் அது. கார் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற கார். பந்தயத்தன்று காலையில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரே அளவில் இரண்டு கட்டைகள், நான்கு சக்கரங்கள், அச்சுக்கு நான்கு ஆணிகள் கொடுப்பார்கள். ஒரு கட்டை பழக, ஒரு கட்டை பந்தயத்துக்கு. செதுக்குவதும் துளைப்பதும் சொந்தப் பட்டறையில், சொந்தக் கையால் நடக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள வேறொரு வீட்டிலிருந்து சாட்சி வருவார். சாட்சி உட்காரலாம், பார்க்கலாம், கொடுத்ததைச் சாப்பிடலாம். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. மீறினால் அந்தக் காருக்குப் பந்தயத்தில் இடமில்லை. எந்த வீட்டுச் சாட்சி எந்த வீட்டுக்கு என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது. இந்த முறை கதவு வீட்டுக்குக் கடிகார வீடு விழுந்தது. கடிகார வீட்டில் அத்தனை பேர் இருந்தும் சம்பந்தியம்மா தேடி எடுத்து அனுப்பியது மருமகளைத்தான்.

"எங்க வீட்டு ஆளைத்தானே அனுப்புறோம்! இதுல என்ன தப்பு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். தப்பில்லைதான். கதவுக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், மகளைக் கண்டு பயந்தவர் என்று பேராகியிருக்கும்.

பேர் என்பது அவருக்கு விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. ஊரில் பாதி வீடுகளுக்கு அவர் வீட்டுக் கதவு. பூட்டினால் பூட்டும்; சாத்தினால் சத்தம் வராது. அப்படிப்பட்ட வீட்டின் கார் போன ஆண்டுப் பந்தயத்தில் சரிவு முடிந்த உடனே இடது பக்கம் சாய்ந்து, ஓட்டப்பலகையின் நடுச்சட்டத்தில் உரசிக் கீச்சிட்டுக்கொண்டே கடைசியாக வந்து நின்றது. கூட்டத்தில் யாரோ "கோணல் வீட்டு வண்டி வருது, வழி விடுங்க!" என்றார்கள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. மரம் இறக்க வந்த லாரிக்காரர்கூடத் தெருமுனையில் நின்று "கோணலார் பட்டறை எதுங்க?" என்று விசாரித்தார். அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. சம்பந்தி வீட்டுக்கு ஒரு நாள் போயிருந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது: "ஏம்மா கோணலம்மா, உங்கப்பா வந்திருக்கார், காபி கலக்கு!" குரலில் பகை இல்லை, செல்லம்தான். ஆனால் அன்று அவர் காபியைக் குடித்தாரா இல்லையா என்பது அவருக்கே நினைவில்லை. தன் வீட்டுப் பேர் மகள் தலையில் இப்படிப் போய் உட்கார்ந்துவிட்டதே என்பது மட்டும் நெஞ்சில் நின்றது.

ஆகவே இந்த ஆண்டு அவருக்கு முதல் பரிசு பெரிதல்ல. கார் நேராகப் போக வேண்டும். சட்டத்தைத் தொடாமல் போக வேண்டும். எல்லோர் கண்ணும் பார்க்கப் போக வேண்டும்.

"முதல் கட்டையை எடு," என்றார்.

காரில் எல்லாமே அச்சுத் துளைதான். உடம்பை எப்படிச் செதுக்கினாலும், என்ன சாயம் பூசினாலும், துளை ஒரு மயிரிழை கோணினால் சக்கரம் கோணும்; சக்கரம் கோணினால் வண்டி உரசும்; உரசினால் வேகம் அங்கேயே செத்தது. மற்றப் பட்டறைக்காரர்கள் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று துளைப்பார்கள். கதவுக்காரருக்கு அது பிடிக்காது.

"ரெண்டு பக்கமும் தனித்தனியாத் துளைச்சா, ரெண்டு துளையும் சண்டை போட்ட மச்சினனுங்க மாதிரி ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காது. ஒரே இறக்கு. இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் வரணும்."

கட்டையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அடியில் வேஸ்ட் பலகை கொடுத்து, நீளமான பிட்டை டிரில் மெஷினில் மாட்டி, மெதுவாக இறக்கினார். கொஞ்சம் இறக்கி, மேலே தூக்கி, தூளை ஊதிவிட்டு, மறுபடி இறக்கினார். கட்டையைத் திருப்பாமல் அப்படியே நகர்த்தி அடுத்த துளை. சுத்தமான வேலை. சின்னவர் சக்கரத்தை மாட்டினார்.

சோதனைக்கு ஒரு புதுக் கதவையே முக்காலிகள்மேல் படுக்கவைத்திருந்தார்கள். ஒரு முனையை லேசாகத் தூக்கிவிட்டு, நடுவில் பென்சிலால் ஒரு கோடு. கோட்டின்மேல் காரை வைத்துக் கையை எடுத்தார் கதவுக்காரர்.

கார் ஓடியது. நன்றாகவே ஓடியது. மறுமுனையை அடைவதற்குள் கோட்டை விட்டு ஒரு கையகலம் இடது பக்கம் விலகியிருந்தது.

"கதவு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும்," என்றார் சின்னவர்.

"நாம இழைச்ச கதவா?"

"சும்மா சொன்னேன்."

இருந்தாலும் இந்த முனையை இறக்கி, அந்த முனையைத் தூக்கி, எதிர்த்திசையில் விட்டார்கள். கார் அப்போதும் தன் இடது பக்கமே போனது. சக்கரங்களை மாற்றி மாட்டினார்கள். இடது. ஆணிகளைத் துடைத்து மாட்டினார்கள். இடது. சின்னவர் காரைக் கையில் எடுத்து, "எங்கேடா போறே? அந்தப் பக்கம் உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டே விட்டார்.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. மகள் எழுந்து நின்றாள்.

"அப்பா, அந்த..."

"வாயை மூடு!"

பட்டறையே அதிர்ந்தது. சின்னவர் கையிலிருந்த கார் நழுவி, தொடையில் பட்டு, நல்லவேளையாக மடியிலேயே விழுந்தது.

"நீ இந்த வீட்டுப் பொண்ணா வந்திருந்தா ஆயிரம் சொல்லலாம்," என்றார் கதவுக்காரர். 'வாங்க, போங்க' எல்லாம் காற்றில் போய்விட்டது. "அந்த வீட்டுச் சாட்சியா வந்திருக்கே. நீ ஒரு சொல் சொன்னா எங்க வண்டி மட்டுமா போகும்? வாழப்போன இடத்துல உன்னை நம்பி அனுப்பினாங்க பாரு, அந்த நம்பிக்கை போகும். அது போச்சுன்னா கோணலம்மாங்கிறதெல்லாம் செல்லப் பேரு. உட்காரு."

மகள் உட்கார்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பான்னு கூப்பிட்டதெல்லாம் வேலைப் பேச்சு இல்லையே அண்ணே," என்றார் சின்னவர் சமாதானமாக.

"அப்பா வரைக்கும் சரி. 'அந்த' வரைக்கும் போயிட்டா."

"அண்ணே, பாப்பா முகத்தைப் பார்த்தா என்னமோ..."

"பார்க்காதே! நீயும் பார்க்காதே, நானும் பார்க்க மாட்டேன். திரும்பி நில்லு."

அண்ணனும் தம்பியும் மகளுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அந்தப் பட்டறையில் இரண்டு பெரிய மனிதர்கள் சுவரைப் பார்த்து நிற்பதை அப்போது வழிப்போக்கர் யாராவது பார்த்திருந்தால், எதற்கோ தண்டனை வாங்கியவர்கள் என்றுதான் நினைத்திருப்பார். கதவுக்காரருக்குக் காது மடல் சூடாக இருந்தது. அவள் கண்டுபிடித்துவிட்டாள். என்ன என்று அவளுக்குத் தெரியும். ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும், அவள் கண் போகிற இடம் தெரிந்துவிடும். கழுத்தில் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது. இழுக்கட்டும் என்று இருந்தார்.

கையை நீட்டிக் கவராயத்தை எடுத்தார். காரின் மூக்கிலிருந்து முன் துளை வரைக்கும் வலது பக்கம் அளந்தார். கவராயத்தின் காலை அசைக்காமல் காரைப் புரட்டி இடது பக்கம் வைத்தார். இடது துளை ஒரு தீக்குச்சிக் கனம் பின்னால் இருந்தது.

பின் துளையையும் அளந்தார். அதே தீக்குச்சிக் கனம்.

"ஒரு துளை கோணியிருந்தா கை தவறிச்சுன்னு சொல்லலாம்," என்றார். குரல் தணிந்திருந்தது, ஆனால் அதில் ஒரு பரபரப்பு ஏறியிருந்தது. "ரெண்டும் ஒரே மாதிரி கோணியிருக்கு. தப்பு கையில இல்லை."

"பிட் வளைஞ்சிருக்கோ?"

பிட்டைக் கழற்றிக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டினார். ஆடாமல் உருண்டு ஓடியது, எங்கும் எழும்பவில்லை. மறுபடி மாட்டினார். பிறகு, கதவு வேலையில் என்றைக்கும் செய்திராத ஒரு காரியத்தைச் செய்தார். மூலைமட்டத்தை எடுத்து டிரில் மெஷினின் மேசைமேல் நிறுத்தி, அதன் நெட்டைக் கையைப் பிட்டோடு ஒட்டிவைத்துக் குனிந்து பார்த்தார்.

கீழே ஒட்டியிருந்தது. மேலே வெளிச்சம் தெரிந்தது.

சின்னவரும் குனிந்தார். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன.

"மேசை சாய்ஞ்சிருக்கு அண்ணே!"

"சாயலை. சாய்ச்சிருக்கு."

கதவின் விளிம்பு நேராக இருக்காது என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. நேராக இழைத்த கதவு சாத்தும்போது நிலையில் முட்டும். அதனால் பூட்டு வரும் பக்கத்து விளிம்பையும் எதிர்ப்பக்கத்து விளிம்பையும் ஒரே அளவில் லேசாகச் சரித்து இழைப்பார்கள். அந்தச் சரிந்த விளிம்பில் தாழ்ப்பாள் துளை கதவின் முகத்துக்கு இணையாக இறங்க வேண்டுமென்றால், கதவு நிற்கிற மேசை அதே அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். அவர் அப்பா அந்த மேசையை அப்படிச் சாய்த்துவைத்து, போல்ட்டை முறுக்கி, மேலே பெயிண்டும் அடித்துவிட்டுப் போனவர். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான கதவுகள். சாய்ந்த மேசையில் சரிந்த விளிம்பு. இரண்டும் சேர்ந்து நேர். ஒரு கதவிலும் பிசகியதில்லை என்பதால் மேசையைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவே இல்லை. சத்தமில்லாமல் சாத்துகிற கதவு எதனால் வந்ததோ, அதனாலேயே வந்தது கோணல் வண்டி.

"அப்போ அப்பாவாலதான் நமக்கு இந்தப் பேரா?" என்றார் சின்னவர்.

"அப்பா பேரை இதுல இழுக்காதே. அவர் கதவுக்கு மேசை போட்டார். கொண்டுபோய்க் காரை வெச்சது நான்."

"ஸ்பேனர் எடுக்கவா? போல்ட்டைத் தளர்த்தி..."

"தொடாதே. அது அசைஞ்சா நாளைக்குக் கதவு போச்சு."

கதவுக்காரர் வேகமாகச் சுற்றிலும் பார்த்தார், மகள் இருந்த திசையை மட்டும் விட்டுவிட்டு. மேசையை நிமிர்த்த முடியாது. சரி, கட்டையை நிமிர்த்தலாமே! கட்டைக்கு அடியில் அதே சரிவுக்கு ஓர் ஆப்பு. மேசை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஏற்றம். அந்தச் சரிவு அவருக்குப் புதிதா? காலமெல்லாம் இழைத்தது அந்த ஒரே சரிவைத்தானே!

"இழைப்புளி கொண்டா! அந்தத் துண்டுப் பலகையைக் கொண்டா! சாய்வுமட்டம் எங்கே?"

"ஆணியில மாட்டியிருக்கு."

"நின்னு பேசாதே, ஓடு!"

கதவுச் சரிவுக்கென்றே திருகி நிறுத்தியிருந்த பித்தளைச் சாய்வுமட்டம் கைக்கு வந்தது. துண்டுப் பலகையைப் பட்டறைப் பலகையில் இறுக்கி, நீளவாக்கில் இழைத்தார். சுருள் சுருளாகத் தூள் பறந்து சின்னவர் மீசையில் ஒட்டியது. இழைத்து, மட்டத்தை வைத்துப் பார்த்து, ஒரு முனையில் இன்னும் கொஞ்சம் இழைத்து, மறுபடி மட்டத்தை வைத்தார். மட்டம் பலகையோடு பலகையாகப் படிந்தது. அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, அதன்மேல் மூலைமட்டத்தை நிறுத்திப் பிட்டோடு ஒட்டினார். குனிந்தார். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு கீற்று வெளிச்சம் இல்லை.

"ஆஹா!" என்றார் சின்னவர்.

"ஆஹா எல்லாம் அப்புறம். கட்டை ஒண்ணுதான் இருக்கு."

அந்த ஒரு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகை நேராக ஓடுகிறது, கணு எதுவும் இல்லை. துளை வரவேண்டிய இடத்தில் கூராணியால் ஒரு புள்ளி குத்தினார். பிட் வழுக்கி ரேகை வழியே ஓடிவிடக் கூடாது. ஆப்பின்மேல் வேஸ்ட் பலகை, அதன்மேல் கட்டை, இரண்டு பக்கமும் கிளாம்ப். சின்னவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஏன்டா மூச்சை அடக்குறே? நீயா துளைக்கிறே?"

"எனக்குப் பயமா இருக்கு அண்ணே."

"எனக்கு மட்டும்?"

மெஷின் சுழன்றது. பிட் மரத்தைத் தொட்டது. பொன்னிறத் தூள் வட்டமாகக் கிளம்பியது. கொஞ்சம் இறக்கி, தூக்கி, ஊதி, இறக்கி. கைப்பிடியில் மரம் பேசுவது அவருக்குக் கேட்டது: இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது, இதோ தீர்ந்தது. அடிப்பலகையில் பிட் இறங்கிய அந்தச் சின்ன 'தொப்'. கட்டையை நகர்த்தினார். இரண்டாம் துளை. 

கவராயம். வலது பக்கம். புரட்டு. இடது பக்கம். கவராயத்தின் முனை துளையின் நடுவில் போய் உட்கார்ந்தது. பின் துளையிலும் உட்கார்ந்தது.

 உடம்பைச் செதுக்கி, தேய்த்து, சக்கரம் மாட்டிக் கதவுக்குக் கொண்டுவந்தார்கள். கோட்டின்மேல் வைத்தார். கையை எடுத்தார்.

கார் பென்சில் கோட்டைத் தின்றுகொண்டே போனது. தொடக்கம் முதல் கடைசி வரை கோடு அதன் வயிற்றுக்கு அடியிலேயே இருந்தது. மறுமுனையில் சின்னவர் இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்து, "அண்ணே! அண்ணே! அண்ணே!" என்றார்.  பின்னால் 'தடார்' என்று ஒரு நாற்காலி விழுந்தது. யாரோ குதிக்கிற சத்தம் கேட்டது. மூடிய வாய்க்குள்ளிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தமும் கேட்டது. கதவுக்காரர் திரும்பவில்லை. ஆனால் அவர் தோள் இரண்டும் குலுங்கின.

மதியம் பந்தயக் கூடத்தில் நிற்க இடமில்லை. மேடையிலிருந்து வாசல்வரை ஓட்டப்பலகை சரிந்து இறங்கி நீண்டிருந்தது. அதில் இரண்டு பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் நடுவே ஒரு மெல்லிய சட்டம்; காரின் சக்கரங்கள் அதற்கு இரண்டு பக்கமும் ஓடும். நடுவர், தெருமுனைத் தையல்காரர். எல்லா வீட்டு ஆட்களின் அளவும் அவருக்குத் தெரியும், அதனால் யாரும் அவரிடம் வம்பு வைத்துக்கொள்வதில்லை.

முதல் சுற்றில் கதவு வீட்டுக் கார் பூட்டுக்காரர் காரைத் தோற்கடித்தது. "தப்பித் தவறி நடந்திருக்கும்," என்றார்கள். அடுத்த சுற்றில் சைக்கிள் கடைக்காரர். அதன் பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை. கூட்டம் ஓட்டப்பலகையை நெருக்கிக்கொண்டு வந்தது. கடைசிச் சுற்றுக்கு நின்றவை இரண்டு கார்கள்: கதவு வீடு, கடிகார வீடு.

சம்பந்தி தன் காரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் அமைதியான மனிதர். கடிகாரங்களோடு பழகிப் பழகி, பேசினாலும் 'டிக், டிக்' என்று இடைவெளி விட்டுத்தான் பேசுவார். அந்தக் குறைக்கும் சேர்த்துப் பேச சம்பந்தியம்மா இருந்தார்.

"என்ன சம்பந்தி, இந்த வருஷம் வண்டிக்கு வழி தெரிஞ்சுபோச்சாட்டம் இருக்கே!"

"தெரிஞ்சதுங்க."

"பார்த்து. சரிவுல இறங்கினதும் பழைய நினைப்பு வந்துடப் போகுது!"

கூட்டம் சிரித்தது. கதவுக்காரர் முதுகை நிமிர்த்திக்கொண்டு காரை மேடையிலிருந்த தடுப்புக் கட்டைக்குப் பின்னால் வைத்தார். கூட்டத்தின் அந்தப் பக்கம், மாமியார் அருகில், மகள் நின்றாள். பந்தயம் முடியும்வரை சாட்சி அவள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

தையல்காரர் தடுப்புக் கட்டையைத் தட்டிவிட்டார்.

இரண்டு கார்களும் ஒன்றாகப் பாய்ந்தன. சரிவில் கடிகார வீட்டுக் கார் மூக்கை நீட்டியது. "போச்சு!" என்றார் யாரோ. சரிவு முடிந்து தட்டை வரும் இடத்தில்தான் போன ஆண்டு கோணல் தொடங்கியது. கதவுக்காரர் அந்த இடத்தை மட்டும் பார்த்தார். கார் வந்தது. கடந்தது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் அப்படியே இருந்தது. உரசவில்லை, கீச்சிடவில்லை, காற்று மட்டும் 'உஸ்' என்றது. பக்கத்துப் பாதையில் கடிகார வீட்டுக் கார் ஒரு கணம், ஒரே ஒரு கணம், சட்டத்தை முத்தமிட்டது. அந்த ஒரு முத்தத்துக்குள் கதவு வீட்டுக் கார் பக்கத்தில் வந்து, சமமாகி, அரைச் சக்கரம் முந்திக் கோட்டைத் தாண்டியது.

கூடத்தின் கூரை அதிர்ந்தது. சின்னவர் எதிரே நின்ற பூட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். முதல் சுற்றில் தோற்றுப்போன அந்த மனிதரும் சேர்ந்து கத்தினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" சம்பந்தியம்மா குரல் அத்தனை சத்தத்தையும் வெட்டிக்கொண்டு வந்தது. "போன வருஷம் அவ்வளவு கோணலாப் போன வண்டி. இந்த வருஷம் நூல் பிடிச்சாப்பல போகுது. நான் யாரையும் சந்தேகப்படலை. சாட்சி பேசட்டும்னுதான் கேக்குறேன். ஏம்மா, அங்க ஏதாவது வாயைத் திறந்தியா?"

கூடம் அடங்கியது.  ஜெயித்த வண்டி கதவுக்காரர் கையில் இருந்தது. அது இப்போது பாரமாக இருந்தது. இல்லை என்று அவள் சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் வண்டியும் போகும், அவள் பேரும் போகும்.

மகள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"திறந்தேன் அத்தை."

சின்னவர் பூட்டுக்காரரைக் கீழே விட்டார்.

"என்னன்னு?" என்றார் தையல்காரர்.

"மேசை சாய்ஞ்சிருக்குன்னு சொல்ல எழுந்திருச்சேன். நம்ம வீட்டுல எதையும் மட்டம் வெச்சுப் பார்க்காமத் தொடுறதில்லையே அத்தை, பார்த்துப் பார்த்து என் கண்ணுக்குப் பழகிப்போச்சு. 'அப்பா, அந்த'ன்னு ரெண்டு வார்த்தை வந்துச்சு. அதுக்குள்ள அப்பா கூரை இடிஞ்சு விழற மாதிரி ஒரு சத்தம் போட்டார். நீ அந்த வீட்டுச் சாட்சி, அவங்க உன்னை நம்பி அனுப்பியிருக்காங்க, வாயை மூடுன்னார். அதோட நிறுத்தினாரா? என் முகத்துலேர்ந்துகூட எதுவும் தெரிஞ்சுடக் கூடாதுன்னு அப்பாவும் சித்தப்பாவும் திரும்பி நின்னுக்கிட்டாங்க. முழு வேலையும் முடியற வரைக்கும் நான் ரெண்டு முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். சித்தப்பா சட்டை பின்னால கிழிஞ்சிருக்கு, அதையும் நான் சொல்லலை!"

சின்னவர் கை தானாகப் பின்னால் போயிற்று. கூடம் வெடித்துச் சிரித்தது.

"'அந்த'ங்கிறதுல குறிப்பு ஏதும் இருக்கா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அந்தன்னா அந்த. கதவா, சுவரா, சாப்பாடா, யாருக்குத் தெரியும்?" என்றார் தையல்காரர். "எதிர் வீட்டு மரியாதைக்காகத் தன் வீட்டு வாய்ப்பை அடைச்ச மனுஷனை நான் இப்பத்தான் பார்க்கிறேன். வண்டி செல்லும். சம்பந்தியம்மா, உங்களுக்கு ஏதாவது?"

சம்பந்தியம்மா மருமகளைப் பார்த்தார். பிறகு கதவுக்காரரின் விறைத்த முதுகைப் பார்த்தார். "ஏம்மா கோண..." என்று தொடங்கியவர் பாதியில் விழுங்கிக்கொண்டார். "ஏம்மா, பொய் சொல்லிட்டுப் போயிருக்கலாமே, யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றார். மருமகள் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. எங்க சாட்சி நல்ல சாட்சி. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்ல?"

அதுவரை ஒரு சொல்லும் பேசாத சம்பந்தி, கதவுக்காரரிடம் வந்து கையை நீட்டினார்.

"அந்தத் துளையை... கொஞ்சம்... பார்க்கலாமா?"

"தாராளமா."

சம்பந்தி முன் சக்கரங்களை ஆணியோடு உருவி எடுத்தார். கடிகாரம் பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத் துளையில் பார்வையை விட்டார். நெடுநேரம் பார்த்தார். மகள் மெல்ல அந்தப் பக்கம் போய்க் குனிந்து மறுவாயில் கண்ணை வைத்தாள்.

"என்னங்க தெரியுது?" என்றார் சம்பந்தியம்மா.

"கண்ணு தெரியுது," என்றார் சம்பந்தி. "நம்ம மருமக கண்ணு."

"என் பொண்ணு கண்ணு," என்றார் கதவுக்காரர்.

"எங்க வீட்டு..."

"என் வீட்டு..."

"ரெண்டு பேரும் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க," என்றாள் மகள், கண்ணை எடுக்காமல். "தூள் விழுது."